சுரண்டிய கண்கள்

நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் போட்டோ எடுத்தவன் நான். கல்யாணம், பிறந்தநாள் எதையும் என் கேமரா கண்டதில்லை. கட்டி, புண், வளைந்த முதுகு, வெந்த தோல், இவைதான் என் பிழைப்பு. "உங்ககிட்ட படம் எடுத்துக்கிட்டவங்க யாராவது ஒருத்தர் திரும்பி வந்து, நல்லா எடுத்தீங்கன்னு சொல்லியிருக்காங்களா?" என்று என் மனைவி கேலி செய்வாள். யாரும் வந்ததில்லை. முப்பத்து நாலு வருஷம் கழித்து ஒருத்தி வந்தாள். அவளும் பாராட்ட வரவில்லை.

நான் ரிடையர் ஆகிப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். ஆஸ்பத்திரியின் ஆண்டு நிறைவுக்காகக் கீழ்த்தள ஹாலில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். விஞ்ஞானத்தையும் சமூகத்தையும் மாற்றிய படங்கள் என்று தலைப்பு. ஓடும் குதிரையின் நாலு கால்களும் ஒரு நொடி தரையை விட்டு எழும்பியிருப்பதைக் காட்டிய படம், மோதிரத்தோடு எலும்பு தெரியும் கை, வெகுதூரத்திலிருந்து எடுத்த பூமி, மில் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும் சின்னப் பிள்ளைகள். வரிசையின் கடைசியில், கழிப்பறைக்குப் போகிற வழியில், என் படம். கீழே 'படம்: மருத்துவமனை ஊழியர்' என்று போட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஏற்பாடு செய்தவரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்ட பிறகுதான் ஆறியது. "பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுத் தர்றோம் சார். உக்காந்து, வர்றவங்களுக்கு நீங்களே விளக்கம் சொல்லுங்க" என்று சமாதானம் செய்தார். மூன்று நாள் அந்த நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

படம் இதுதான். ஒரு பெண்ணின் முகம், நேராக. அறையில் அரை இருட்டு. இடது மூக்குத் துவாரத்தில் டாக்டர் பிடித்திருக்கும் ஒரு குட்டி பல்பு. அதன் வெளிச்சம் வலது துவாரம் வழியாக வெளியே வருகிறது. நடுவில் இருக்க வேண்டிய சுவரில் பெரிய ஓட்டை. கண்களுக்குக் குறுக்கே, ஒரு கண்ணின் வெளியோரத்திலிருந்து மறு கண்ணின் வெளியோரம் வரை, கறுப்பாக ஒரு பட்டை.

அந்தப் பெண் வேலை பார்த்தது முலாம் பட்டறையில். தண்ணீர்க் குழாய், சைக்கிள் மணி, கதவுக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் பளபளப்பு ஏற்றும் இடம். தொட்டியில் மருந்து நுரைத்துக்கொண்டே இருக்கும். அந்த ஆவியை வருஷக்கணக்கில் இழுத்தால் மூக்கின் நடுச்சுவர் அரித்துப்போகும். வலிக்காது. அதனால் யாரும் அதை நோயாக நினைக்கவில்லை. ஒரு துவாரத்தில் நூலை விட்டு மறு துவாரத்தில் இழுத்துக் காட்டுவது அங்கே வேலை செய்த பெண்களுக்குச் சாப்பாட்டு நேரத்து வேடிக்கை. புதிதாகச் சேர்கிறவளிடம், "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்டி, உனக்கும் நூல் கோக்கலாம்" என்பார்களாம். மூக்கோடு நிற்காமல் நுரையீரலுக்கும் போகும் என்று சொன்ன ஒரே ஆள் எங்கள் காது மூக்கு டாக்டர். அவர் கணக்கெடுத்த எண்களை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தப் படத்தை ஒரு கூட்டத்தில் திரையில் போட்டார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் பத்திரிகைகளில் வந்தது. இரண்டு வருஷத்தில் சட்டம் வந்தது. தொட்டிக்கு மேலே ஆவியை உறிஞ்சும் குழாய் வந்தது. அப்புறம் படம் பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்துக்கும் போனது.

இதையெல்லாம் வந்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே பெருமை தலைக்கேறியிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயசுக்குள் இருக்கும். தோளில் வேலைக்குப் போகிற பை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. மற்ற படங்கள் பக்கம் திரும்பவேயில்லை. நேராக என் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். நான் என் பாட்டைத் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"நீங்கதான் எடுத்தீங்களா சார்?"

"நான்தான்."

"இது எங்கம்மா."

நான் படத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

"எனக்கு மூணு வயசுல போயிட்டாங்க. நுரையீரல்தான். முகம் ஞாபகம் இல்ல. வீட்டுல வேற போட்டோ ஒண்ணுகூடக் கிடையாது" என்றாள். நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்து சொல்வது போலிருந்தது. "ஏழாங் கிளாஸ் புத்தகத்துல இந்தப் படம் இருந்துச்சு. எல்லாப் பிள்ளைங்களும் கிறுக்குவாங்க இல்லையா? நானும் கிறுக்கினேன். இந்தப் பட்டைக்கு ரெண்டு பக்கமும் காது வரைக்கும் கம்பி இழுத்து, கூலிங்கிளாஸ் ஆக்கிட்டேன். மீசையும் வெச்சேன். அப்பா அத பாத்துட்டாரு. என்மேல ஒரு நாளும் கை ஓங்காத மனுஷன், அன்னைக்கு அறைஞ்சிட்டாரு. அறைஞ்சிட்டு அவரே அழுதாரு. அப்பதான் சொன்னாரு, இது யாருன்னு."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அவள் மட்டும் நிற்க நான் உட்கார்ந்திருப்பது சரியாகப் படவில்லை.

"எங்கப்பா கொத்தனாரு. இப்ப படுத்த படுக்கை. அம்மாவப் பத்திக் கேட்டா சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவாரு. இந்தப் படத்தப் பத்தி மட்டும் சொல்லியிருக்காரு. அம்மாவுக்கு வாழ்க்கைல எடுத்த ஒரே போட்டோ இதுதானாம். அதுக்காகத் தலை சீவி, நல்ல ரவிக்கை போட்டுக்கிட்டுப் போனாங்களாம். ஒரு பிரதி தர்றேன்னு ஆஸ்பத்திரிக்காரர் சொன்னதா வந்து சொன்னாங்களாம். அப்பா இப்பகூடச் சொல்றாரு, 'அந்த மனுஷன் தர்றேன்னாரே'ன்னு." பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பட்டை இல்லாத படம் உங்ககிட்ட இருக்கும்ல சார்? எங்கம்மா கண்ண நான் ஒரு தடவ பாக்கணும். அவ்வளவுதான்."

உண்மையை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. "பழைய நெகட்டிவ் எல்லாம் ஸ்டோர்ல கிடக்கும்மா. தேடிப் பாக்கறேன். அடுத்த ஞாயிறு நானே வீட்டுக்குக் கொண்டு வந்து தர்றேன்" என்று விலாசத்தை வாங்கிக்கொண்டேன். எழுபத்தொரு வயசில் ஒரு சின்னப் பெண்ணிடம் கூசாமல் பொய் சொன்னேன்.

பொய் என்று ஏன் சொல்கிறேன் என்றால், தேட எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தொழிலில் நோயாளியின் அடையாளத்தை மறைப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. பிரிண்ட் போட்ட பிறகு அதன் கண்கள்மேல் கறுப்புக் காகிதப் பட்டை ஒட்டுவோம். நெகட்டிவ்வைத் தொட மாட்டோம். அது அப்படியே உறையில் இருக்கும். நாற்பது வருஷத்தில் ஒரே ஒரு நெகட்டிவ்வில்தான் நான் கை வைத்தேன்.

அன்றைக்குப் படம் எடுத்து முடிந்ததும் அந்தப் பெண் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "சார், கம்பெனிக்கு நான்னு தெரிஞ்சா வேலை போயிடும். கைக்குழந்தை இருக்கு. பாத்துக்குங்க" என்றாள். "கவலைப்படாம போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. பட்டறை முதலாளியின் மைத்துனர் எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவில் இருந்தார். காகிதப் பட்டையை யார் வேண்டுமானாலும் பிய்க்கலாம். உறையிலிருக்கும் நெகட்டிவ்வை எடுத்து யார் வேண்டுமானாலும் இன்னொரு பிரிண்ட் போடலாம். யோசித்தேன். கூர்மையான பிளேடை எடுத்தேன். விளக்குப் பெட்டிமேல் நெகட்டிவ்வை வைத்து, கண்கள் இருந்த இடத்தில், ஃபிலிம்மேல் பூசியிருக்கும் மருந்துப் படலத்தை ஓரம் பிசகாமல் சுரண்டி எடுத்தேன். நெகட்டிவ்வில் சுரண்டிய இடம் வெறும் கண்ணாடி மாதிரித் தெளிவாகிவிடும். பிரிண்டில் அது கன்னங்கறுப்பாக விழும். பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் தண்ணீரில் கழுவிக்கொள்ளலாம். சுரண்டினால் போனது போனதுதான்.

டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். இனி ஆண்டவனே வந்தாலும் இவளை அடையாளம் காண முடியாது என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். முன்யோசனைக்காரன் என்ற நினைப்பு.

கண்காட்சி முடிந்த மறுநாள் காலை, மனசு கேட்காமல் ஸ்டோருக்குப் போனேன். ரெக்கார்டு அறைக்காரர் என்னோடு வேலை பார்த்தவர்தான். "என்ன சார், பென்ஷன் வாங்கிட்டு வீட்டுல இருக்கறத விட்டுட்டு, இந்தத் தூசியத் தின்ன வந்துட்டீங்க?" என்றார். ஏணி போட்டு ஏறி, நாலாவது அலமாரியில் உறையை எடுத்துக் கொடுத்தார். என் கையெழுத்துத்தான் உறைமேல். வருஷம், நோயாளி எண், படம் எடுத்த தேதி. ஓரத்தில் பென்சிலில் நானே எழுதியிருந்தேன்: 'பிரதி கேட்டாள்.'

நெகட்டிவ்வை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பட்டை இருந்த இடம் வழியாகத் தெருவில் ஒரு ரிக்‌ஷா போவது சுத்தமாகத் தெரிந்தது. அவ்வளவு நேர்த்தியாகச் சுரண்டியிருந்தேன்.

"வேற எதுவும் எடுக்கலையா அன்னைக்கு?" என்று ரெக்கார்டு அறைக்காரர் கேட்டார்.

எடுத்தேன். இதற்கு முன்னால் ஒன்று எடுத்தேன். மூக்கில் பல்பை வைத்ததும் அவள் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டாள். ஒரு விநாடி அசையாமல் இருக்க வேண்டிய படம். முகம் கலங்கிவிட்டது. கலங்கிய ஃபிலிமை வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. கழுவிப் பார்த்துவிட்டுக் கழிவு டிரம்மில் போட்டேன். பழைய எக்ஸ்ரே ஃபிலிமோடு அதுவும், ஃபிலிமில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்கிறவனுக்குப் போயிருக்கும். உருக்கியிருப்பான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளுக்குக் கேலி வரவில்லை. ராத்திரி சாப்பாடு போடும்போது, "இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல கண்ணு, மூக்கு எல்லாம் வெச்சுத் தர்றாங்களாமே" என்றாள். மூழ்குகிறவனுக்குத் துரும்பு கிடைத்த மாதிரி இருந்தது.

மூன்று தெரு தள்ளி ஒரு ஸ்டுடியோ. அதை நடத்துகிறவர் நல்ல கெட்டிக்காரர். பாதி கிழிந்த படத்துக்குக்கூடத் தோளும் சட்டையும் தைத்துக் கொடுப்பார். என்னிடமிருந்த பிரிண்டைக் கணினியில் ஏற்றினார். பட்டையைத் துடைத்தார். நெற்றியையும் கன்னத்தையும் நீட்டி அந்த இடத்தை மூடினார். கண் இல்லாத வழவழப்பான முகம் ஒன்று திரையில் வந்தது.

"கண்ணு நம்மகிட்ட ஆயிரம் ஜோடி இருக்கு சார்" என்றார். "எப்படிப்பட்ட கண்ணு? பெருசா, சின்னதா?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, இமை கனமா இருக்குமா? புருவம் சேந்திருக்குமா, தள்ளியிருக்குமா? கொஞ்சம் சொன்னீங்கன்னாப் போதும், நான் பாத்துக்கறேன். நீங்கதானே சார் எடுத்தீங்க?"

நான்தான் எடுத்தேன். அவளை இரண்டடி தூரத்தில் வைத்து அரை மணி நேரம் பார்த்தவன் நான்தான். ஆனால் அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராவில் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். தலைக்குமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, கையில் பூதக்கண்ணாடியோடு, அந்த ஓட்டையின் விளிம்பு கூர்மையாக விழுகிறதா என்று பார்த்தேன். ஆள் படம் எடுக்கிறவன் முதலில் கண்ணைத்தான் கூர்மையாக்குவான். நான் எடுத்தது நோயின் படம். மூக்கை மட்டும் பார்த்தேன். பிளேடால் சுரண்டும்போதுகூட ஓரம் நேராக வருகிறதா என்றுதான் என் கவனம் இருந்தது. இரண்டு தடவை அந்தக் கண்கள் என் முன்னால் இருந்தன. இரண்டு தடவையும் நான் பார்க்கவில்லை.

"சார்?" என்றார் ஸ்டுடியோக்காரர். பதிலுக்குக் காத்திராமல் ஒரு ஜோடியைப் பொருத்திக் காட்டினார். யாரோ ஒரு மணப்பெண்ணின் கண்கள். அழகாகத்தான் இருந்தன. ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தப் பெண் அதைச் சட்டம் போட்டு மாட்டுவாள், தினமும் பார்ப்பாள், யாரோ ஒருத்தியைப் பார்த்து அம்மா என்பாள். என் மானமும் தப்பிக்கும்.

"வேண்டாம், அழிச்சிடுங்க" என்றேன். "எனக்குப் பட்டையோடயே ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க." அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எழுபது தாண்டினால் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மாடிப்படி ஏறி மூன்றாவது கதவு. ஒரே அறை, பின்னால் சமையலுக்கு ஒரு தடுப்பு. சுவர் ஓரமாகக் கட்டில், அதில் கொத்தனார். பெரிய கைகள், மற்றதெல்லாம் வற்றிப்போன உடம்பு. ஜன்னல் பக்கம் தலை. எதிர்ச் சுவரில் ஒரு புது ஆணி அடித்திருந்தது. அதைப் பார்த்தேன், கையிலிருந்த உறையைப் பார்த்தேன்.

"உக்காருங்க சார்" என்று மகள் ஒரு ஸ்டூலைப் போட்டாள். "அப்பா, அவரு வந்துட்டாரு பாருங்க. பிரதி தர்றேன்னு சொன்னவரு."

கிழவர் தலையைத் திருப்பினார். உறையைத்தான் பார்த்தார்.

நான் உறையை நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிரித்தாள். அதே பட்டை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உறைக்குள் இன்னொன்று இருக்கிறதா என்று விரலை விட்டுத் துழாவினாள். அந்த விரலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சொன்னேன். பிளேடு, விளக்குப் பெட்டி, நிர்வாகக் குழுவிலிருந்த மைத்துனர், சுரண்டியது, எதையும் மறைக்கவில்லை. "உங்கம்மா வேலை போயிடக் கூடாதுன்னுதாம்மா அப்படிப் பண்ணேன்" என்றேன்.

"வேலை போயிடுச்சு சார்" என்றாள்.

"என்னது?"

"பேப்பர்ல படம் வந்து மூணாம் நாளே போயிடுச்சு. சூப்பர்வைசர் பேப்பரை மேசைல போட்டு, இந்தத் தாடையும் உதடும் தெரியாதா எனக்குன்னு கேட்டானாம். தினமும் பாக்கற முகமாச்சே, கண்ணு எதுக்கு?" அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கம்பெனிக்காரனுக்கு மூணு நாள்ல தெரிஞ்சிடுச்சு. எனக்குத்தான் சார் இன்னும் தெரியல."

முப்பத்து நாலு வருஷமாக அவளைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

அவள் பேசிக்கொண்டே போனாள். அவள் வேலை செய்வது மீட்டர் தயாரிக்கும் கம்பெனியில். ஈயப் பற்றவைப்பு. ஒவ்வொரு மேசைக்கும் மேலே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் தொங்கும், புகையை இழுத்துக்கொள்ளும். "அது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும் சார். காலைல மெஷின் போட்டதும் அந்தக் குழாயத்தான் மொதல்ல பாப்பேன். பக்கத்துல உக்காந்திருக்கற பிள்ளைங்களுக்குத் தெரியாது. எத்தனையோ பேரு மூக்கும் உயிரும் தப்பிச்சிருக்கு. அதுல நானும் ஒருத்தி. பெருமைதான். இல்லேன்னு சொல்லல." படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "ஆனா எனக்கு இந்த மூக்கு வேண்டாம். ஊரெல்லாம் பாத்த மூக்கு. எனக்குக் கண்ணுதான் வேணும்."

"உங்களுக்கு அவங்க ஜாடை இருக்குமே..." என்று நான் ஏதோ உளறினேன்.

"எனக்கு அப்பா கண்ணு" என்றாள். "அம்மா கண்ணப் பத்தி அவரு வாயத் திறந்து சொன்னது அது ஒண்ணுதான்."

அப்புறம் அவள் கேட்டாள். கேட்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்ததை.

"நீங்க பாத்தீங்கல்ல சார்? பக்கத்துலேருந்து பாத்தீங்கல்ல? எப்படி இருந்துச்சு? நீங்களாவது சொல்லுங்க."

"நான் பாக்கலம்மா" என்றேன். "மூக்கைத்தான் பாத்தேன்." அவள் முன்னால் அழ எனக்கு உரிமையில்லை. அழுதேன்.

கீழே தெருவில் யாரோ ஒரு வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் படத்தை உறைக்குள் வைக்கப் போனாள். உதடுகள் மேல் அவள் கட்டைவிரல் பட்டது. வெறுங்கையோடு எழுந்து போவதா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. என்னிடம் வேறு என்ன இருக்கிறது? அந்தக் கலங்கின படம் ஞாபகத்துக்கு வந்தது. டிரம்மில் போட்ட படம்.

"சிரிச்சாங்கம்மா" என்றேன். "மொதல்ல எடுத்த படத்துல சிரிச்சாங்க. அது கலங்கிடுச்சு."

"எதுக்குச் சிரிச்சாங்க?"

"டாக்டர் மூக்குல பல்பை வெச்சாரு. ரூம் இருட்டா இருந்துச்சு. அவங்க அசையாம உக்காந்துக்கிட்டே சொன்னாங்க, 'ஏன் சார், கரண்டு போனா என்னையே வாசல்ல நிக்க வெச்சிடலாம் போலருக்கே. எங்க வீட்டுக்காரருக்கு விளக்கு ஏத்தற வேலை மிச்சம்'னு. சொல்லிட்டு அவங்களே சிரிச்சாங்க. டாக்டர் எப்பவும் சிடுசிடுன்னு இருப்பாரு. அவரும் சிரிச்சிட்டாரு."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்து அவள் எழுந்து ஓடினாள். இருமல் இல்லை. கொத்தனார் சிரித்துக்கொண்டிருந்தார். காற்றே இல்லாத சிரிப்பு, கண்ணிலிருந்து தண்ணீர் காதுவரைக்கும் ஓடியது.

"வீட்டுக்காரருன்னு சொல்ல மாட்டா" என்றார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை. "'எங்க ஆளு'ம்பா. யார்கிட்ட பேசினாலும் எங்க ஆளு, எங்க ஆளுதான்."

அந்தக் குரல் எனக்குச் சட்டென்று காதில் கேட்டது. "ஆமாங்க" என்றேன். "எங்க ஆளுக்கு விளக்கு ஏத்தற வேலை மிச்சம். அப்படித்தான் சொன்னாங்க."

"அவ வாய் அப்படி" என்றார். "சாகற அன்னைக்குக்கூட நர்ஸக் கேலி பண்ணா." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அந்தப் பெரிய கையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மகள் கட்டிலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மா பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்."

சொன்னேன். எங்க ஆளு என்று திருத்திச் சொன்னேன்.

"இன்னொரு தடவ."

மறுபடியும் சொன்னேன். அவள் உதடுகள் கூடவே அசைந்தன. மனப்பாடம் செய்கிறாள் என்று புரிந்தது. நிறுத்தி நிறுத்தி, நிதானமாகச் சொன்னேன்.

"சொல்லிட்டுச் சிரிச்சாங்க."

"சிரிச்சாங்கம்மா."

"அப்புறம்?" என்றாள், கதை கேட்கிற குழந்தையைப் போல. "அப்புறம் என்ன சார் ஆச்சு?"

அவளிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"கறுப்புத் துணிக்குள்ளேருந்து நான் அதட்டினேன். சிரிக்காதம்மா, படம் கெட்டுடும்னு. உடனே நிறுத்திட்டாங்க. அடுத்த ஃபிலிமை மாட்டி, இதை எடுத்தேன்."

அவள் உறையிலிருந்து படத்தை மறுபடி வெளியே எடுத்தாள். மூக்கில் வெளிச்சம், கண்ணில் பட்டை. முதல் தடவையாக அம்மாவின் வாயைப் பார்த்தாள். நல்ல பிள்ளையாக, நான் சொன்னபடி, இறுக மூடியிருந்தது.